கடலில் மிதக்கும் வேலை

ஆத்மநாதனுக்கு அந்தக் கோடையில் கிடைத்த வேலை, கடலில் சும்மா மிதப்பது.

பெங்களூரில் இருக்கிற ஒரு விமானத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கடலில் விழுந்தவர்களை வானத்திலிருந்து தேடிக் கண்டுபிடிக்கும் ஆளில்லா விமானம் ஒன்றைச் செய்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கக் கட்டுமாவடிக்கு வந்தார்கள். பொம்மையைப் போட்டுப் பார்த்ததில் சரிவரவில்லை, உயிருள்ள ஆள்தான் வேண்டும் என்றார்கள். நாட்டுப்படகில் நண்டு வலை விடும் ஆத்மநாதன் ஒத்துக்கொண்டார். அவர் மனைவி அமிர்தவல்லிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்திலேயே படகில் அவள் தம்பி பாலாஜி காவலுக்கு இருப்பான் என்றதால் பேசாமல் இருந்துவிட்டாள்.

விமானத்தோடு வந்த இன்ஜினியர்களில் தேவிப்ரியா புதுக்கோட்டை டவுன்காரப் பெண். மணமேல்குடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அமிர்தவல்லிதான் வீட்டுக்குக் கூட்டிவந்து ரசம் வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து மதியச் சாப்பாடு அங்கேதான்.

"அண்ணே, மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் நல்லா அகட்டி வச்சுக்கங்க. அப்பத்தான் மேலேருந்து பாக்கையில மனுஷன்னு தெரியும்" என்று அவள் தரையில் படம் போட்டுக் காட்டுவாள்.

"செத்த பொணம் மாதிரின்னு சொல்லுங்க" என்பார் ஆத்மநாதன். அமிர்தவல்லி அவர் தொடையில் ஒரு அடி வைப்பாள்.

ஆரஞ்சு உடுப்போடு மிதந்தார். வெறும் சட்டையோடு மிதந்தார். தலை மட்டும் தெரியும்படி மிதந்தார். விமானம் இரைந்துகொண்டு தலைக்கு மேல் போகும், திரும்பும், மறுபடி போகும். கரைக்கு வந்தால் எல்லோரும் கைகுலுக்குவார்கள். கண்டதா, தாண்டிப் போனதா என்பது தண்ணீரில் கிடக்கிறவருக்குத் தெரியாது. கண்டுவிட்டது என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

ஆடி மாதம் மீன் ஏலக்கூடத்தில் விழா நடந்தது. நிறுவனத்தின் திட்டத் தலைவர் சந்திரசேகர் வந்திருந்தார். "நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான், திருமயம் பக்கம்" என்று ஆரம்பித்து நன்றாகப் பேசினார். ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு திரையில் படம் ஓடியது. நீல நிறப் பரப்பில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி, ஆளைக் கண்டதற்கு அடையாளமாகப் பச்சைக் கட்டம். "ஆத்மநாதன்டா" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. ஒரு விமானத்தை மீனவர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். சங்கச் செயலாளர் உடையப்பனுக்கு அதை ஓட்டப் பழக்கியிருந்தார்கள்.

"இனிமே கடல்ல தொலஞ்சாலும் பயமில்ல புள்ள. அதுக்கு என்னைய நல்லாத் தெரியும்" என்றார் ஆத்மநாதன்.

கார்த்திகையில் வாடைக்காற்று மூர்க்கமாக அடித்த ஒரு வாரம் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. காற்று கொஞ்சம் தணிந்த அன்று, கடலுக்குள் விட்டுவந்த நண்டு வலையை எடுத்துவர ஆத்மநாதனும் பாலாஜியும் விடியலில் கிளம்பினார்கள். வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது காற்று திரும்பவும் எழுந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு அரை மயக்கத்தில் மிதந்த பாலாஜியை வேறொரு படகில் வந்தவர்கள் தூக்கினார்கள். கரையில் இறங்கியதும் அவன் வாயிலெடுத்தான். பிறகுதான் பேச்சு வந்தது.

"அத்தான் தெக்க போயிட்டாரு. தெக்கதான் இழுத்துச்சு. தெக்க போங்க."

நாலைந்து படகுகள் தயாராயின. அதற்குள் உடையப்பன் விமானத்தை ஏவிவிட்டிருந்தார். கணினித் திரையைச் சுற்றிக் கூட்டம். அமிர்தவல்லி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரை முழுக்க நுரையும் அலையும். தெற்குப் பக்கம் முழுவதையும் விமானம் குறுக்கும் நெடுக்குமாக அலசியது. பச்சைக் கட்டம் எங்கேயும் வரவில்லை.

"இங்கிட்டு இல்ல. சுத்தமா இல்லைன்னு காட்டுது" என்றார் உடையப்பன்.

"நான் பாத்தேண்ணே" என்று பாலாஜி அழுதான்.

"நீ மயங்கிக் கெடந்தவன்டா. ஒனக்குத் தெச தெரியுமா?" என்றார்கள்.

அமிர்தவல்லியும் மிஷினைத்தான் நம்பினாள். 'அவரை அதுக்கு நல்லாத் தெரியும்' என்று அவளும் நினைத்தாள். படகுகள் வடக்கே போயின. இருட்டும்வரை தேடின.

மறுநாள் அம்மாபட்டினத்துக் கரையில் உடல் ஒதுங்கியது. தெற்கில்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அறந்தாங்கியில் நர்சிங் படிக்கும் மகளும் விடுதிக்குத் திரும்பிய பிறகு, தேவிப்ரியாவும் சந்திரசேகரும் வந்தார்கள். சங்க அலுவலகத்தில் விமானத்தின் பதிவுகளை எடுத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அமிர்தவல்லி நேரே அங்கே போனாள். அவள் வாசலில் நிற்பதைக் கண்டதும் தேவிப்ரியா மடிக்கணினியை மூடினாள். மூடிய விதத்திலேயே அமிர்தவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

"அவரு அதுல இருக்காரா?"

சந்திரசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. அன்னைக்கிக் காத்து ரொம்ப ஜாஸ்தி. அந்த மாதிரிக் காத்துல அது வேலை செய்யும்னு நாங்க சொல்லவே இல்லை."

"அவரு அதுல இருக்காரான்னு கேட்டேன்."

"இருக்காருக்கா" என்றாள் தேவிப்ரியா.

"காட்டு."

"வேண்டாங்க்கா."

"அவரு பொஞ்சாதி நானு. காட்டு."

சந்திரசேகர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தேவிப்ரியா திரையைத் திறந்தாள்.

நுரைக்கு நடுவே ஒரு கறுப்புத் தலை. ஒரு கை மேலே எழுந்து ஆடியது. விமானம் தாண்டிப் போனது. அடுத்த சுற்றில் அதே தலை, கொஞ்சம் தள்ளி. இப்போது அவர் கையை ஆட்டவில்லை. மல்லாந்து படுத்திருந்தார். கையையும் காலையும் அகட்டி வைத்திருந்தார். அலை அவர் முகத்தின் மேல் ஏறி ஏறி இறங்கியது. அப்போதும் அவர் உடம்பை மடக்கவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியேதான் கிடந்தார். பச்சைக் கட்டம் ஒரு தரம்கூட வரவில்லை.

அமிர்தவல்லி அழவில்லை. விரலால் திரையைத் தொட்டாள், பிறகு எடுத்துக்கொண்டாள்.

"இதுல உசுரோட இருக்காரா?"

"இருக்காருக்கா."

"அப்பறம் ஏன் இல்லைன்னு சொல்லுச்சு?"

"நொரைக்கு நடுவுல தலையும் அலையோட நெழலும் ஒன்னு மாதிரி தெரியுங்க்கா. ஆளுன்னு அதுக்கு உறுதியாப் பட்டாத்தான் கட்டம் போடும். இல்லாட்டி அலைன்னு விட்டுரும். கோடையில நடத்துன சோதனையிலயே காத்தடிச்ச நாள்ல பாதிக்கு மேல அண்ணன விட்டுட்டுத்தான் போச்சு." தேவிப்ரியாவின் குரல் இறங்கியது. "நாங்க அத மறைக்கலக்கா. கட்டுரையிலயே எழுதியிருக்கோம்."

"யாருக்கு எழுதுனீங்க?"

தேவிப்ரியா திரையை மெதுவாகச் சாய்த்து மூடினாள்.

"ஏன்டி, என் வீட்லதான சோறு தின்ன. எல போட்டு எதுத்தாப்ல ஒக்காந்துதான அவரும் தின்னாரு. 'அண்ணே, இன்னைக்கி அது ஒங்களப் பாக்கல'ன்னு ஒரு வார்த்த சொல்ல எம்புட்டு நேரமாயிருக்கும்?"

"மிதக்குற ஆளுக்குத் தெரிஞ்சா சோதன கெட்டுரும், முடியறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு ஒரு முறை இருக்குக்கா. அப்பறம் விழா வந்துச்சு. அப்பறம் நான் ஊருக்குப் போயிட்டேன்."

வெளியே லாரியில் ஐஸ் இறக்கும் சத்தம் கேட்டது. சந்திரசேகர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, இத இப்பக் கேக்கறது பாவம். ஆனா கேக்காமப் போனா அதவிடப் பாவம். இந்த மாதிரிக் கடல்ல நெசமாவே தத்தளிக்கிற ஆளோட படம் எங்கேயுமே கெடையாது. யாரும் அப்படிச் சோதன பண்ண முடியாது. இத வச்சுப் பழக்குனா அடுத்த மிஷின் கண்டுபுடிக்கும். நீங்க சம்மதம் சொன்னாத்தான் நாங்க இத எடுத்துக்க முடியும்."

அமிர்தவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று தேவிப்ரியா நினைத்தாள்.

"அவரு சாவறத வச்சு அதுக்குப் பாடம் நடத்தப் போறீங்க."

"ஆமாம்மா" என்றார் சந்திரசேகர். வேறு மாதிரி சொல்ல அவருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கிக் காலையில ஏலக்கூடத்துக்கு வாங்க. மிஷினுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு தமிழ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் காதுல விழணும். அதுக்கப்பறம் பாக்கலாம்."

"அலுவலகத்துல அனுமதி கேக்கணும்மா. வெளிய பேசறதுக்கு ஒரு…"

"நான் சொல்றேன் சார்" என்றாள் தேவிப்ரியா.

மறுநாள் படகுகள் கரையேறி நண்டுக்கு ஏலம் போட்டு முடிந்ததும், தேவிப்ரியா ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று சொன்னாள். எந்தக் கடலில் அது கண்டுபிடிக்கும், எதில் விட்டுவிடும் என்று மேடைப் பேச்சு எதுவும் இல்லாமல் சொன்னாள். ஆத்மநாதன் தெற்கேதான் இருந்தார் என்றும், பாலாஜி சொன்னதுதான் நிஜம் என்றும் சொன்னாள். பிறகு ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினார். இன்னொருவர் அவளை அடிக்கப் பாய்ந்தார். அமிர்தவல்லி நடுவில் போய் நின்றாள்.

"சொல்ல வந்தவள அடிச்சா நாளைக்கி எவ வந்து சொல்லுவா?"

உடையப்பன் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கறுப்பா ஒன்னு தெரிஞ்சுச்சு தாயி. மிஷினு சும்மா இருந்துச்சேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் சங்கத்துப் பக்கம் வரவில்லை.

விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கடைசியில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆனால் விமானம் ஆள் இல்லை என்று காட்டிய பக்கத்துக்கும் படகு போகவேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அமிர்தவல்லி சம்மதக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். பாலாஜிக்கு அது தெரிந்ததும் வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"அத்தான வித்துட்டியாக்கா?"

"நீ நாளைக்கிக் கடலுக்குப் போவியா மாட்டியா?"

"போவேன். அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். தை பிறந்த பிறகும் அவளோடு பேசவில்லை. அவள் செய்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடினால் அலை ஏறி இறங்குகிற முகம் வந்தது. எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் மற்றவர்கள் பிடித்துவந்த நண்டை வாங்கி அறந்தாங்கிக்கு அனுப்பினாள்.

மாசியில் ஒரு நாள் தேவிப்ரியா போன் செய்தாள். புதிய விமானத்துக்குச் சோதனை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். வேறு கரை, வேறு ஊர். அங்கே ஒருவர் மிதக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தாளுகிட்ட எல்லாம் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க்கா. தெனம் சாயந்தரம் அன்னைக்கிக் கண்டுபுடிச்சதா இல்லையான்னு படத்தோட காட்டுறேன். முறைய மாத்திட்டோம்."

"அவரு பொஞ்சாதிக்கு?"

"அவங்களுக்கு இன்னும் சொல்லலக்கா."

"நம்பர் இருக்கா?"

"வாங்கித் தாரேங்க்கா."

கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. அமிர்தவல்லி நண்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு சின்ன வயசுப் பெண் குரல்.

"நான் கட்டுமாவடியிலேருந்து பேசுறேம்மா. ஒன்னைய எனக்குத் தெரியாது. ஒரு பத்து நிமிசம் ஒக்காந்து கேக்குறியா?"