அடிக்கட்டை மேல் ஏறியவர்

ஒபதையா டாக்கெட் வெட்டிய மரத்தின் எந்த அடிக்கட்டை மேல் ஏறிப் பேசினாலும், பேச்சு முடிவதற்குள் அது மறுபடி மரமாகிவிடும். அமெரிக்காவில் இல்லினாய்ப் பக்கம் அப்போது ஓட்டுக் கேட்க வேறு மேடை ஏது? முதல் தடவை, பாப்கினுடைய சோளக்கொல்லையில், அரைமணிப் பேச்சுக்கு இருபதடி ஓக் மரம் வளர்ந்தது. அந்தக் கொல்லையைத் திருத்த இரண்டு வருஷம் கோடரி பிடித்தவர் பாப்கின். “ஓட்டு உங்களுக்குத்தான். ஆனா என் கொல்லையில மட்டும் வாயைத் திறக்காதீங்க” என்றார்.

டாக்கெட் கேட்டதெல்லாம் ஒரு பாலம்தான். வசந்தத்தில் ஓடை பெருகினால் டாக்டர் அக்கரையில், பிரசவ வலிக்காரி இக்கரையில். டாக்கெட்டின் மனைவி கெசியாவின் தங்கை அப்படித்தான் செத்துப்போனாள். பாலத்துக்குச் சட்டசபை போக வேண்டும். போவதற்குப் பேச வேண்டும். பேசினால் காடு முளைக்கும், ஓட்டு குறையும். பாவம், மனுஷன் தவித்துப்போனார்.

1836 ஆகஸ்டில் அவரை எதிர்த்து நின்றவர் மாவுமில் லெமுவேல் பிரூவிட். அன்று ஓட்டுச்சீட்டு கிடையாது. குமாஸ்தாவின் மேஜை முன் நின்று பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் மரியாதைக்காக எதிராளியின் பெயரைச் சொல்வார்கள். பொழுது சாயும்போது ஆளுக்கு நூற்றுப் பதினொன்று. மிச்சம் அவர்கள் இருவரும், ஓட்டுப் போடாத ஒரு கிழவரும். கிழவரைக் கோபப்படுத்த நினைத்த மில்காரரின் ஆட்கள், அவருடைய நிலத்து அடிக்கட்டையைக் காட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி டாக்கெட்டை ஏற்றிவிட்டார்கள். பாலம் என்றதும் டாக்கெட்டுக்கு நேரம் போனது தெரியவில்லை. கிழவரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டையே மறந்துவிட்டார்.

பிரூவிட் மேஜை முன் வந்து தொப்பியைக் கழற்றி, “டாக்கெட்” என்றார்.

“பிரூவிட்!” என்று அறுபதடி உயரத்திலிருந்து பதில் மரியாதை வந்தது.

“மேஜை முன்னால நின்னு சொல்லணுங்க. சட்டம்” என்றார் குமாஸ்தா.

“இறங்கி வாய்யா, மரியாதை கெட்டவனே” என்று பிரூவிட் விழுந்து விழுந்து சிரித்தார். கால்சட்டை கிழிய டாக்கெட் இறங்கி வருவதற்குள் சூரியன் மறைந்து ஓட்டு நேரம் முடிந்தது. டாக்கெட் ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

சட்டசபையில் அவர் பாலத்தைப் பற்றி ஆரம்பித்த பத்தாம் நிமிஷம் பலகைத் தரை துளிர்த்தது. சபாநாயகர் நாற்காலியோடு கூரையைத் தொட்டார். “பாலத்தைக் குடுத்துடுங்கப்பா. நான் இறங்கணும்” என்றார். எதிர்ப்பே இல்லை.

திறப்பு விழாவில் பேச வேண்டாம் என்று ஊரே கெஞ்சியது. பாலத்தில் நின்று கெசியாவைப் பார்த்து, “நட” என்று மட்டும் சொன்னார். அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்தது. பாப்கின் மனைவிக்கு வலியும் வந்தது. டாக்டர் கால் நனையாமல் நடந்து வந்தார். பெண் குழந்தை. அந்த ஒரு வார்த்தைக்கு முளைத்த கிளை இன்னும் பாலத்தில் இருக்கிறது. வருஷாவருஷம் கழித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டுகிறோம்.