குளவிக்கு இரண்டாவது குரல்

1

இந்தக் கதையில் வரும் விண்போர்க்கலம் எனக்கு அவனியாபுரத்தில், ஷேர் ஆட்டோவுக்குள் கிடைத்தது. முன்கண்ணாடியில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால், தூரத்து வானத்தில், ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து பார்க்க, குளவிதான் பெரியதாகத் தெரிந்தது.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

எல்லையற்ற அண்டத்தின் கருமையில், ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன். இன்னொரு முறை:

குளவி மிகச் சிறிய போர்க்கலம். ஒரே ஓர் ஆள் உட்காரலாம். காலை நீட்ட முடியாது.

இது தேவலாம். இதையே வைத்துக்கொண்டேன்.

2

என் பெயர் பாண்டிச்செல்வி. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம்; வேலை, கே.கே. நகரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 'குளவி' ஒலித்தொடராக இணையத்தில் வந்தது. ஒலிப்பதிவு செய்தவன் சிவபாண்டி. ஒரு கிளினிக்குக்கு மேல்மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

குளவியை ஓட்டுபவளுக்கு மலையம்மாள் என்று பெயர் வைத்தேன். அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விண்வெளியில மலையம்மாளாக்கா?"

"ஏன், அவளை உள்ள விடமாட்டாங்களாடா?"

(எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு வாரம் அவளுக்கு 'ஸாரா' என்று பெயர் மாற்றி எழுதிப் பார்த்தேன். ஸாரா கலத்தில் ஏறவே மறுத்துவிட்டாள்.)

கதை இதுதான். குளிர்ந்து சாகும் ஒரு கிரகத்திலிருந்து மக்கள் கப்பல் கப்பலாகக் கிளம்புகிறார்கள். ஊர் அளவுக்குப் பெரிய எதிரிக் கலங்கள் வழியை மறிக்கின்றன. அவற்றின் இடுக்கில் நுழையக்கூடியது குளவி மட்டுமே. அது முன்னால் போகும். மலையம்மாள் ரேடியோவில் வழி சொல்லுவாள். அந்தக் குரலை நம்பி மற்றக் கப்பல்கள் பின்னால் வரும்.

அந்தக் குரல் நுஸைபாவுடையது.

3

நுஸைபா காஜிமார் தெருப் பெண். ஜவுளிக்கடை ஒன்றில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது அவள் வேலை. பட்டுப்புடவை எந்த மாடியில் என்று அவள் சொன்னால், வேட்டி வாங்க வந்தவர்களும் அந்த மாடிக்கு ஏறுவார்கள். அப்படி ஒரு குரல்.

கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்வதற்குள் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போய்விட்டது, உயிருக்குப் பயமில்லை. குரல் மட்டும் பழையபடி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். கடையில் அவளைத் துணி மடிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மைக் வேறொரு பெண்ணின் கைக்குப் போனது.

"வேற ஆளப் போட்டுருவோம்க்கா," என்றான் சிவபாண்டி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் இப்படி எழுதினேன்:

எதிரியின் கதிர் குளவியை இரண்டாகப் பிளந்தது. விண்வெளியில் சத்தம் பரவாது. மலையம்மாள் ஒரு சொல்லும் பேசாமல்

இயற்பியல்படி சரியான முடிவு. குரலே தேவைப்படாத முடிவு. அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் அவளே நேரில் வந்து நின்றாள்.

4

கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பேசியபோது, காய்ந்த சருகை மிதிப்பதுபோல் கேட்டது.

"என் தொண்டையில கத்தி வச்சா, நீங்க எதுக்குக்கா மலையம்மாளக் கொல்றீங்க?"

"உன்னைய கஷ்டப்படுத்த வேணாமேன்னுதான்..."

"அம்புட்டுப் பேரும் இதத்தான் சொல்றாங்க. பெத்த அத்தாவே வீட்டுல பேச விடமாட்டேங்குறாரு. கடையில பேசாம துணிய மடின்றாங்க. இப்ப நீங்களும்." மூச்சு வாங்கினாள். "அவளுக்கும் அடிபடட்டும். ஆனா பேசட்டும்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: கதாபாத்திரத்துக்காக வாதாட ஒருவர் நேரில் வந்துவிட்டால் எழுத்தாளருக்கு வேறு வழியே இல்லை.)

அவள் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றி எழுதினேன். கதிர் குளவியின் வாலைத்தான் உரசுகிறது. உள்ளே கம்பிகள் எரிந்து, புகை மலையம்மாளின் தொண்டையைப் பிடித்துவிடுகிறது. அவள் ரேடியோவில் அழைக்கிறாள். பின்னால் வரும் கப்பல்களுக்கு அது யார் குரல் என்றே தெரியவில்லை. எதிரியின் சூழ்ச்சியோ என்று அப்படியே நின்றுவிடுகின்றன.

அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவள் அவர்களை எப்படி நம்பவைப்பாள்? நீளமாக ஓர் உரை எழுதினேன். தியாகம், தாய்மண், நம்பிக்கை எல்லாம் அதில் இருந்தன.

5

சனிக்கிழமை மதியம் பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நுஸைபா. இந்தப் பக்கம் நானும் சிவபாண்டியும். கப்பல் தலைவனின் குரலும் அவன்தான்.

"பேசுவது யார்?" என்று படித்தான்.

நுஸைபா என் உரையைத் தொடங்கினாள். "தாய்மண்ணின்..." குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் உடைந்தது. சிவபாண்டி பதிவை நிறுத்தக் கையைக் கொண்டுபோனான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். என் தாளைக் கவிழ்த்துவைத்தாள். மைக்குக்கு நெருங்கி வந்தாள்.

"குரல்தான் மாறிருச்சு. ஆளு மாறல. நாந்தான் முன்னாடி போறேன். பின்னாடி வாங்க."

தாளில் இல்லாத வசனம். சிவபாண்டி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுத்துத் தமிழில் பேச வேண்டிய கப்பல் தலைவன் அதை மறந்து,

"வாரோம்!" என்று கத்திவிட்டான்.

சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக்குப் போய் நின்றது. மூவரும் சிரித்தோம். நுஸைபாவின் சிரிப்பிலும் சருகுச் சத்தம். இதில் எதையும் வெட்டவே கூடாது என்றேன். அவன் வெட்டவில்லை.

6

கடைசி அத்தியாயம் வெளிவந்த வாரம், ஜவுளிக்கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த நுஸைபா எழுந்துபோய் மைக்கைக் கேட்டு வாங்கினாள். குழந்தைகள் உடை எந்த மாடியில் என்று அறிவித்தாள். கடை முழுக்க ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். படிக்கட்டில் ஒரு சிறுமி, "அம்மா, மலையம்மாள்!" என்று கூவினாள். மேலாளர் மைக்கைத் திரும்பக் கேட்கவில்லை.

(இதைக் கொஞ்சம் அடக்கி எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததே இப்படித்தான். நான் என்ன செய்ய?)

7

குளவி தப்பித்ததா என்று கேட்டு எழுதுகிறார்கள். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் புதிய கிரகத்தில் இறங்கினார்கள். ஒன்றில் எதிரியே வழிவிட்டான். இன்னொன்றில்

அதை நானே பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்றையும் அழித்தாயிற்று.

எழுதியவரை உள்ளது இவ்வளவே: வால் எரிந்த சின்னக் கலம் ஒன்று, இரண்டு பெரிய கலங்களின் இடுக்கை நோக்கி விரைகிறது. பின்னால் ஒரு கப்பல் அதைத் தொடரத் திரும்புகிறது, பிறகு இன்னொன்று. கடைசியாக நிற்கும் கப்பலில் இருப்பது நீங்கள். உங்களுக்கும் அந்தக் குரல் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சத்தமாகச் சொல்லுங்கள், முள் சிவப்புக்குப் போனாலும் பரவாயில்லை.