இடப்பக்கக் காற்று

மூன்றாவது சீட்டைக் கொண்டுவந்து வீரேந்திரன் மேசைமேல் வைத்தார். தியானக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மௌன விரதம். குறை சொல்வதென்றால் எழுதித்தான் தருவார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாவு மில் ஓடுகிறதா என்று இந்தச் சீட்டில் கேட்டிருந்தது.

தடுப்பு ஒரு விரல் கனப் பலகை. அந்தப் பக்கம் கூடம், இந்தப் பக்கம் ஆதிலட்சுமி. அவளோடு ஒரு டேப் ரெக்கார்டரும், ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பும் இருந்தன. செத்துப்போன ஒரு சாமியாரின் பேச்சு இருநூற்றுச் சொச்சம் கேசட்டுகளில் இருந்தது. அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. மற்ற அறைகளை எல்லாம் வாடகைக்கு விட்டுவிட்டதால் வேறு இடம் இல்லை.

"துண்டு போட்டும் கம்மியாவலியாம்மா?" என்றார் வீரேந்திரன். அறக்கட்டளையின் மேனேஜர். குரலை உயர்த்தாத ஆள்.

"போட்டிருக்கேன் சார். நாலா மடிச்சு."

"அதுக்கப்புறம் ஜாஸ்திதான் ஆயிருக்குது. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா கேசட்டெல்லாம் மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு டிரஸ்டிங்க சொல்றாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"சரிங்க சார்."

முதல் சீட்டு வந்த அன்றே அவள் லேப்டாப்புக்கு அடியில் துண்டு போட்டிருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷினுக்கு அடியில் கம்பளி மெத்தை போடுவார்கள். சத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். அதே கணக்குத்தான். சத்தம் கூடிவிட்டது என்று இப்போது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அக்னி நட்சத்திர வெயிலில் ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தேரடித் தெருவில் ஒரு மாடியில் பலராமன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன். முன்பு டிவி ரிப்பேர் பார்த்தவன்.

பின்பக்கத்தைக் கழற்றியதும் சிரித்தான். "இன்னாம்மா இது, உள்ள ஆடு மேயுதா? இவ்ளோ பஞ்சு."

"துண்டு மேல வெச்சிருந்தேன்ணா."

"அடியிலதான் அது மூச்சு இழுக்குது. துண்டைப் போட்டா வாயைப் பொத்துன மாதிரி. சூடு ஏறும். சூடு ஏறினா ஃபேன் இன்னும் வேகமா சுத்தும், கத்தும். துணியில இருக்கிற பஞ்சையும் உள்ள இழுத்துக்கும்."

பிரஷ்ஷால் தட்டி, ஊதி, வெள்ளைப் பசை வைத்து மூடினான். மூடும்வரை ஆதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்து கீழே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரிவலத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. பிறகு அவன் ஆன் செய்து, அவள் துண்டின் மேலேயே வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான்.

"இப்ப கேளு."

குனிந்து காதை வைத்தாள். "கம்மியாயிடுச்சுண்ணா. நல்லா இருக்குது."

பலராமன் அவளைப் பார்த்தான். "கத்துதும்மா. துண்டு மேல வெச்சா எப்படிக் கத்துதுன்னு காட்டத்தான் வெச்சேன்."

அவள் காதை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காது கேக்காதா?"

"பேசுறது கேக்கும். இந்த மாதிரி சன்னமா வர்றது விழாது. சின்னப் பொண்ணா இருக்கும்போது கிரஷர்ல கல்லு போட்டேன். ஆறு வருஷம்."

"அப்புறம் கேசட் எப்படிக் கேக்குற?"

"ஹெட்போன்ல ஃபுல்லா வெப்பேன். அவரு கனத்த குரலு."

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரிஞ்சா கேட்டு அடிக்கிற வேலைய எனக்கு எதுக்குக் குடுப்பாங்க?"

பலராமன் துண்டை உருவி அவளிடம் கொடுத்தான். நான்கு சோடா மூடிகளை எடுத்து மூலைக்கு ஒன்றாக அடியில் ஒட்டினான். மெஷின் முழு வேகத்தில் ஓட வேண்டாம், தட்டச்சுக்குப் பாதி போதும் என்று எதையோ மாற்றிவிட்டான்.

"இடது கையைக் குடு. இங்க வை."

லேப்டாப்பின் இடப்பக்க ஓட்டையில் வைத்தாள். காற்று லேசாக வந்தது.

"இப்படி இருந்தா சத்தம் இல்லன்னு அர்த்தம். வேகமா தள்ளுச்சுன்னா கத்துதுன்னு அர்த்தம். காது எதுக்கு?"

அதை ஒரு ஜோக்காகத்தான் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வீரேந்திரன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துப் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து இந்தப் பக்கமும் நின்றார்.

"பரவாயில்லியே. சுத்தமா நின்னுபோச்சு. உனக்குக் கேக்குதா?"

ஆதிலட்சுமியின் கை ஓட்டையில் இருந்தது. "இல்லங்க சார்."

"எனக்கும் இல்ல. ஆனா இது தகரக் கூரை. பன்னெண்டு மணிக்கு மேல சூடு ஏறும், திரும்ப ஆரம்பிக்கும். ஒண்ணு செய். நீ ஹெட்போனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கோ. இன்னொரு காது இது மேலயே இருக்கட்டும். லேசா ஆரம்பிச்ச உடனே ஆஃப் பண்ணிடு. ஆறினப்புறம் போட்டுக்கலாம். இன்னொரு சீட்டு வந்தா நான் பேச முடியாது."

"சரிங்க சார்."

ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள். அவர் போனதும் கேசட்டை ஓடவிட்டாள். ஒரு காதில் பேச்சு பாதிதான் விழுந்தது. சாமியார் கிணற்றைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்ததா, இல்லையா என்பது விளங்கவில்லை. மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டாள். பிறகு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டாள்.

இடது கையை ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை. வலது கையால் மட்டும் அடித்தாள். இடப்பக்கத்து எழுத்துகளுக்கு வலது கை குறுக்கே போய்த் தட்டிவிட்டுத் திரும்பியது. இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்தவள். பத்து விரலும் தானாகப் போகும். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டியிருந்தது.

பன்னிரண்டே காலுக்கு உள்ளங்கையில் காற்று தள்ளியது. உடனே ஆஃப் செய்தாள். லேப்டாப் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினார்களா, எழுந்து போனார்களா, பேனாவைத் திறந்தார்களா, எதுவும் தெரியவில்லை. இருபது நிமிஷம் கழித்து மறுபடி போட்டாள். ஒன்றேகாலுக்கு மறுபடி நிறுத்தினாள்.

நாலு மணிக்கு வீரேந்திரன் எட்டிப் பார்த்தார். ஆதிலட்சுமி ஹெட்போனை இறக்கிவிட்டு அவர் கையைப் பார்த்தாள். கையில் சீட்டு இல்லை.

"இன்னாம்மா, ஒத்தக் கையில அடிக்கிற?"

"இந்தக் கை வலிக்குதுங்க சார்."

"தைலம் தடவு. எத்தன பக்கம் ஆச்சு?"

"அஞ்சு."

"தெனம் பன்னெண்டு அடிப்பியே."

"அடிச்சிடறேன் சார்."

அவர் இன்னும் என்னவோ சொன்னார். குரலை உயர்த்தாத ஆள். ஆதிலட்சுமி தலையாட்டிவிட்டுக் கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.