கதவு வேண்டாம்னு சொன்னது நான்தான்

இப்பவும் லோக்கல் ரயில் ஹாரன் கேட்டா என் கை தானா எதையாவது புடிச்சுக்கிடுது. கார்கானாவுல பேக் தைச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டாலும், மிஷினை நிறுத்திட்டு மேஜை விளிம்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருவேன். பக்கத்து மிஷின் அஸ்ரின், "க்யா ஹுவா கோகிலா?"ன்னு கேப்பா. ஒண்ணுமில்லன்னுருவேன். என்னத்தச் சொல்ல? பயமா இருக்குன்னு சொன்னா சிரிப்பா. தாராவியில கோகிலவாணின்னா வாய்க்காரின்னு பேரு. எனக்குப் பயம்னா எவ நம்புவா?

எல்லாம் அந்தக் கார்டன் வாசலால வந்த வினை.

தாராவி முடிஞ்சு மாட்டுங்கா தொடங்குத எடத்துல, ரயில் லைனுக்கு இந்தப் பக்கம் இருக்கு எங்க கார்டன். முன்னால அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மோட்டார் பைக் நுழையக்கூடாதுன்னு இரும்புப் பைப்பை வளைச்சு வளைச்சு நட்டு வச்சிருந்த சின்ன வழி. நடக்குறவங்க ஒடம்பை ஒடுக்கி நெளிஞ்சு போயிருவாங்க. எம்மவ சாதனா வீல்சேர்ல இருக்கா. பத்து வயசு. பொறந்ததுலேர்ந்தே இடுப்புக்குக் கீழ பலமில்ல, கைக்கு மட்டும் நல்ல பலம். சக்கரத்தை அவளே தள்ளிக்கிட்டு எங்கேயும் போயிருவா, அந்தப் பைப்புக்குள்ள மட்டும் போவ முடியாது. ரெண்டாவது வழி பெரிய கேட்டு. அது எப்பவும் பூட்டித்தான் கெடக்கும். சாவி வாட்ச்மேன் பூலோகம் அண்ணாச்சி சட்டைப் பையில. அண்ணாச்சி டீக்கடையில.

போன வருசம் மே மாசம் ஒரு நாள் நான் சோலிக்குப் போயிருந்தேன். இவ தனியா கார்டனுக்குப் போயிருக்கா. முக்கா மணி நேரம் வெயில்ல கேட்டுக்கு வெளிய கெடந்து, "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு கத்தியிருக்கா. கடைசியில உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. நான் போய்ப் பாக்கும்போது ரெண்டு கையாலயும் மொகத்தை மூடிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு எனக்குப் பேய் புடிச்சுது. வார்டு ஆபீஸுக்கு எத்தனை நடை, எத்தனை ஆவலாதி! படியேறிப் படியேறிச் செருப்பு தேஞ்சுபோச்சு. கடைசியில சரின்னுட்டாங்க. கார்டனையே மாத்தப் போறோம், எல்லாப் பிள்ளைகளும் வெளையாடுத மாதிரி செய்யப் போறோம்னாங்க.

மீட்டிங்கும் அந்தக் கார்டன்லயே வச்சாங்க. இன்ஜினியர் ஜகந்நாதன் சார் ஒரு பெஞ்சுல படத்தை விரிச்சுக் காட்டினாரு. படிக்குப் பதிலா சரிவு, விழுந்தா அடிபடாத ரப்பர் தரை, பெல்ட்டு வச்ச ஊஞ்சல், வீல்சேரோட ஏறிச் சுத்துத ராட்டினம். பைப்பெல்லாம் எடுத்துட்டு அகலமா ஒரு வாசல். அந்த வாசல்ல தாப்பா மாதிரி கொண்டி வச்ச ஒரு சின்னக் கதவு, தானா மூடிக்கிடுத மாதிரி.

"கதவா?"ன்னு எந்திரிச்சேன். "சார், கதவுன்னா கொண்டி வரும். கொண்டி வந்தா பூட்டு வரும். பூட்டு வந்தா சாவி வரும். சாவி வந்தா பூலோகம் அண்ணாச்சி டீக்கடைக்குப் போயிருவாரு. கதவே வேண்டாம். வாசல் தொறந்தே கெடக்கட்டும். பைக்குக்காரன் வராம இருக்க குட்டைத் தூணு ரெண்டு போடுங்க, போதும்."

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணாச்சியும் சிரிச்சாரு.

அப்ப பின்னால ஒருத்தங்க கையைத் தூக்கினாங்க. மாட்டுங்காவுல இருக்குற சாருலதா மாமி. பேங்க்ல வேலை. பேசினா பக்கத்துல இருக்குறவங்களுக்கே கேக்காது. அவங்க மவன் மாதவுக்கு எட்டு வயசு, பேச்சு வராது. கூப்பிட்டா திரும்ப மாட்டான், ஆனா கால் ஒரு எடத்துல நிக்காது.

"ஒரு கதவு இருந்தா நன்னாருக்கும்"னாங்க மாமி. "எங்காத்துப் பிள்ளை ஓடிடுவான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடுவான்."

எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோவம் வந்துதோ. "ஓடுத பிள்ளையைப் புடிச்சு வச்சுக்கிடுங்க மாமி. கால் இருக்கவனுக்கு எதுக்குக் கதவு? கால் இல்லாதவளுக்குல்லா வாசல் வேணும்!"

ஜனங்க கை தட்டினாங்க. மாமி மொகம் செவந்துபோயி உக்காந்துட்டாங்க. ஜகந்நாதன் சார் பேனாவால படத்துல அந்தக் கதவு மேல பெருக்கல் குறி போட்டாரு. நான் செயிச்சுட்டேன்னு நெஞ்சை நிமுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். கூறுகெட்ட சிறுக்கி நான்.

கார்டன் தொறந்த மூணாவது நாள், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. சாதனா யாரையும் கூப்பிடாம, சக்கரத்தை உருட்டிக்கிட்டு, மகராணி மாதிரி உள்ள போனா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அவ ராட்டினத்துல சுத்திக்கிட்டு இருந்தா. அந்தப் பக்கம் ஊஞ்சல்ல மாதவ், மஞ்சச் சட்டை போட்டிருந்தான். மாமி என்னைப் பாத்து லேசாத் தலையாட்டினாங்க. நான் வேற எங்கேயோ பாத்தேன்.

மாதவ் செருப்பு கழண்டு விழுந்துது. ஊஞ்சல் பெல்ட்டை அவுத்து அவனை எறக்கி விட்டுட்டு மாமி செருப்பை எடுக்கக் குனிஞ்சாங்க. அவ்வளவுதான். நிமுந்தப்ப அவன் இல்ல.

"மாதவ்!"னு ஒரு சத்தம் வந்துது பாருங்க. மாமிக்கு இவ்வளவு தொண்டை இருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நான் வாசலைப் பாத்தேன். அகலமா, பளிச்சுன்னு, கதவில்லாம கெடந்துது. நெசத்தைச் சொல்லிருதேன். அந்த நிமிசம் நான் முதல்ல நெனச்சது பிள்ளையைப் பத்தி இல்ல. "ஐயோ, பழி எந்தலையில விழுமே"ன்னுதான் நெனச்சேன். பொறவுதான் பிள்ளை நெனப்பு வந்துது.

வாசலுக்கு வெளிய ரோட்டுல பஸ்ஸு, தண்ணி டேங்கர், டெம்போ எல்லாம் முட்டிக்கிட்டுப் போவுது. மாமி அந்தப் பக்கம் ஓடினாங்க. நான் "சாதனாவைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி!"ன்னு கத்திட்டு இந்தப் பக்கம் திரும்பினேன். மாமி ஓடுறதை நிறுத்தி என்னைப் பாத்துச் சத்தம் போட்டாங்க: "கோகிலா, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்கோ! பின்னால ஓடாதீங்கோ! விளையாட்டுன்னு நெனச்சுண்டு இன்னும் ஓடுவான்!"

கூப்பிடக் கூடாதாம், ஓடவும் கூடாதாம். அப்ப எப்படித்தான் புடிக்க?

பழக்கடைக்காரன்கிட்ட மஞ்சச் சட்டைன்னு கேட்டேன். "உதர் கயா"ன்னு கையை நீட்டினான். அவன் நீட்டின பக்கம் ரயில் லைன்.

அந்தப் பக்கம் சுவரு ஒரு எடத்துல ஒடஞ்சு கெடக்கும். சுத்திப் போவ சோம்பல்பட்டு எல்லாரும் அதுக்குள்ளதான் நுழைஞ்சு லைனைத் தாண்டுவாங்க. நானும் எத்தனை தடவை தாண்டியிருக்கேன். அன்னைக்கு அந்த ஓட்டைக்குள்ள தலையை விடவே பயமா இருந்துது. என்னத்தப் பாக்கப் போறோமோன்னு கண்ணை மூடிக்கிட்டேன். தெய்வமே, தெய்வமேன்னு வாய் அதும்பாட்டுக்குச் சொல்லுது.

கண்ணைத் தொறந்தேன். இருந்தான். உசுரோட இருந்தான்.

ஜல்லிக்கல்லு மேல குத்தவச்சு, உள்ளங்கையை ஒரு தண்டவாளத்து மேல பரத்தி வச்சுக்கிட்டு இருந்தான். தண்டவாளம் அதிருதுல்லா, அது அவனுக்குப் புடிச்சிருக்கு. சிரிக்கான். எனக்கும் அவனுக்கும் இருவது அடி இருக்கும். எந்த ரயிலும் கண்ணுக்குத் தெரியல. ஆனா தண்டவாளம் அதிருதுன்னா என்ன அர்த்தம்னு தாராவியில இருக்குறவளுக்குச் சொல்லித் தரணுமா?

ஒரே ஓட்டமா ஓடித் தூக்கிரலாம்னு காலை எடுத்தேன். அவன் தலையைத் திருப்பினான். நான் அப்படியே நின்னுட்டேன். ஓடினா அவனும் ஓடுவான். அடுத்த தண்டவாளத்துக்குத்தான் ஓடுவான்.

என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பைய நான் நடந்ததில்ல. அவனைப் பாக்காம, வேற எதையோ தேடுத மாதிரி, கல்லு மேல ஒவ்வொரு அடியா வச்சேன். வாயைத் தொறந்தா கத்திருவேன்னு கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். ரத்தம் உப்புக் கரிச்சுது. தூரத்துல ஹாரன் கேட்டுச்சு. சாமி சத்தியமா, ஓடுன்னு என் ஒடம்பு முழுக்கச் சொல்லுது. நான் ஓடல. பத்தடி ஆச்சு. வளைவுல ரயிலோட மூஞ்சி தெரிஞ்சுது. இன்னும் ஆறடி. ஹாரன் விடாம அடிக்கான். மாதவ் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு எந்திரிச்சான், எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பினான்.

பாஞ்சேன். சட்டைக் காலரு கையில சிக்குச்சு. இழுத்துக்கிட்டு மல்லாக்க விழுந்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடிச்சான், பல்லு எறங்கிட்டு, நான் விடல. ரயிலு போச்சு. பன்னெண்டு பெட்டியும் எங்க தலைமாட்டுல போச்சு. போய் முடியுத வரைக்கும் ரெண்டு கையாலயும் ரெண்டு காலாலயும் அந்தப் பிள்ளையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "விடமாட்டேன்லே, விடமாட்டேன்லே"ன்னு அழுதுக்கிட்டே கெடந்தேன்.

கார்டனுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். வாசல்ல மாமி தரையில உக்காந்திருந்தாங்க. ரோட்டுல தேடிட்டு வந்தவங்களுக்கு அதுக்கு மேல கால் வரல. சாதனா அவங்க தோளைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. மாமி பிள்ளையை வாங்கித் தலை, கை, கால்னு தடவித் தடவிப் பாத்தாங்க. என் கையில ரத்தத்தைப் பாத்துட்டு, "கடிச்சுட்டானா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"திட்டுங்க மாமி. ரெண்டு அறை வேணும்னாலும் அறைங்க. கதவு வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"நான் இன்னும் ஒரு தடவை சொல்லிருக்கணும். எல்லாரும் கை தட்டினதும் உக்காந்துட்டேன்." துப்பட்டாவை எடுத்து அவன் கையையும் தன் கையையும் சேத்துக் கட்டினாங்க. "பரவால்லை கோகிலா. நாங்க இனிமே வரலை. ஆத்துலயே இருந்துப்பான். பழகிண்டுடுவான்."

இந்தப் பேச்சை நான் எத்தனை வருசமாக் கேட்டிருக்கேன்! சாதனாவுக்கு என்னத்துக்குக் கார்டன், வீட்டுலயே இருக்கட்டுமேன்னு என் காதுபடச் சொன்னவங்களை என்ன பாடு படுத்தியிருப்பேன். இப்ப அதே வார்த்தையை இன்னொரு தாய் சொல்லும்படி நானே பண்ணிட்டேன். அன்னைக்குச் சோறு எறங்கல. சாதனாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

மறுநாள் சோலிக்குப் போவாம வார்டு ஆபீஸுக்குப் போனேன். ஜகந்நாதன் சார் என்னைக் கண்டதும், "இப்ப என்னம்மா?"ன்னு பயந்துட்டாரு. கதவு போடணும் சார்னேன். நீதானே வேண்டாம்னேன்னு கேட்டிருக்கலாம். ஆனா நல்ல மனுசன், குத்திக் காட்டல. அந்த வாரமே கதவை மாட்டிட்டாரு. சாதனாவோட நான் வாசல்ல நின்னேன். பூட்டு கெடையாது, வெறும் கொண்டிதான், அதை நான் மொதல்லயே எழுதி வாங்கிட்டேன். ஜகந்நாதன் சார் பென்சிலை வச்சுக்கிட்டு, "கொண்டி எந்த உயரத்துல வைக்கட்டும்?"னு கேட்டாரு.

சாதனாவைக் கையைத் தூக்கச் சொன்னேன். வீல்சேர்ல இருந்துக்கிட்டு முழுசா எக்கினா. டேப்பு நாலடி காட்டுச்சு.

மாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். "மாமி, மாதவ் கையைத் தூக்கினா எவ்வளவு உயரம் எட்டும்?"

"எதுக்குக் கேக்கறேள்?"

"சொல்லுங்க மாமி."

அளந்துட்டு வந்தாங்க. "நாலேமுக்கால் அடி. எட்டினா எந்தக் கொண்டியையும் திறந்துடுவான்."

நாலடியில வச்சா மாதவும் தொறந்துருவான். சார்கிட்ட அஞ்சேகால் அடியில ஒரு எடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவரு என்னையும் பாத்தாரு, சாதனாவையும் பாத்தாரு, பென்சில் குறி போடல.

போன்ல மாமி கேட்டாங்க: "அவ்வளவு உயரத்துல வச்சா, சாதனாக்கு எட்டுமோ?"

"எட்டும் மாமி. நல்லா எட்டும். நாளைக்கு அவனைக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னேன்.

சாதனா என்னைப் பாத்தா. பொறவு கையை மடியில வச்சுக்கிட்டு, "அங்கிள், அம்மா காட்டுன எடத்துலயே வைங்க"ன்னா.