விரால் குஞ்சுகளுக்குக் காவல்

ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஹேமநாதன் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முந்நூற்றுச் சொச்சம் சிவப்பு விரால் குஞ்சுகள் இருந்தன. தொட்டி முந்தின நாள்தான் தேய்த்துக் கழுவியது. ஹேமநாதன் குனிந்ததும் குஞ்சுகள் அவன் முகத்துக்கு நேர் கீழே திரண்டன. அவன் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. யாருடைய பிள்ளைகள் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பத்து நாளுக்கு முன் அவன் மனைவி ஷாமளாவுக்கு வயிற்றைக் கீறித்தான் மகள் பிறந்தாள். அறுத்த புண் ஆற விரால் சூப்புதான் என்பதில் ஜொகூரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாருக்கும் சண்டையில்லை. வளர்ப்பு மீன் ஆகாதென்று ஹேமநாதன் யோங் பெங்கில் உள்ள செம்பனைத் தோட்டத்துக் குட்டைக்குத் தூண்டிலோடு போனான். அரை நாள் ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு குஞ்சுக்கூட்டம் ஒன்று மூச்சு வாங்க நீர்மேல் சிவப்பாக எழுந்தது. அதன் நடுவில் தூண்டில் போடுவதில்லை என்பது மீன் பிடிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. குஞ்சோடு இருக்கும் விரால் பசிக்குக் கடிக்காது, பிள்ளையைக் காப்பாற்றத்தான் கடிக்கும். தெரிந்தே அவன் தூண்டில் முள் கோத்த ரப்பர் தவளையை நடுவில் எறிந்தான். தாய் வந்தது. மறுபடி எறிந்தான். தகப்பனும் வந்தது.

ஷாமளாவின் புண் ஒரு வாரத்தில் காய்ந்தது. ஹேமநாதனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தக் கையால் சொந்த மகளைத் தூக்கவும் அவனுக்குக் கூசியது. குஞ்சுகள் வந்த மறுநாள் ஷிப்டுக்குப் போய்த் திரும்பினால் பதினொன்று செத்து மிதந்தன. அதோடு லீவு போட்டுத் தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டான்.

"பாப்பாவத் தூக்காம இங்க என்னங்க பண்றீங்க?" என்றாள் ஷாமளா. "இதுங்களுக்கு அம்மா எங்க?"

"நீ குடிச்ச சூப்புதான். அப்பாவும் அதுலதான். தெரிஞ்சேதான் புடிச்சேன், ஷாமளா."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தொட்டியருகே வந்தாள்.

"நகருங்க," என்றாள். "நீங்க போயி பாப்பாவப் பாருங்க. இதுங்கள நான் பாக்குறேன்."

குஞ்சுகள் அவள் முகத்தின் கீழும் திரண்டன. அன்றிலிருந்து ஒருவர் தொட்டியிலும் ஒருவர் தொட்டிலிலுமாக முறைபோட்டுக்கொண்டார்கள். அவன் வேலைக்குப் போகிற நாளில் அவளே இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு பெருமழையில், விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகள் தொட்டியிலிருந்து குதித்து, வாசலைத் தாண்டி, ஈரத் தார்ச்சாலை மேல் நெளிந்து பெரிய மழைநீர்ச் சாக்கடைக்குப் போயின. மோட்டார்சைக்கிள்காரர்கள் நின்று வழிவிட்டார்கள். ஹேமநாதன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு குடையோடு பின்னால் நடந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான். அவன் வாய் திறப்பதற்குள் கடைசிக் குஞ்சும் தண்ணீரில் இறங்கிவிட்டது. மகள் நனையாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குத் திரும்பினான்.