எருமைக்கு மரியாதை

எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் வந்தபோது, அந்தச் சத்தத்தில் தன் எருமைக்குப் பால் வற்றிவிடும் என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் குதித்தார். அதிகாரிகளும் எருமைக்கு மரியாதை கொடுத்து, அத்துவானக் காட்டில் நிலையத்தைக் கட்டினார்கள். ஊரோர ரயில்வே கேட்டிலோ, கேட்கீப்பர் மனைவி போடும் டீக்காக டிரைவர் தினமும் வண்டியை நிறுத்துவார். ஊரே அங்கேதான் ஏறும். டிக்கெட் வாங்க எவன் காட்டுக்குப் போவான்?

போன மாதம், பயணிகளே இல்லை என்று நிலையத்தை மூடிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கதவைப் பூட்டிவிட்டு, பெட்டியோடு வியர்க்க விறுவிறுக்க கேட்டுக்கு நடந்து வந்தார்.

“உங்க ஸ்டேஷன்லயே ஏறியிருக்கலாமே சார்?” என்றேன்.

“அங்க வண்டி எங்கய்யா நிக்குது? ஏற ஆளில்லன்னு தினமும் நான்தானே பச்சைக் கொடி காட்டி அனுப்பிவச்சேன்!”