முறைப்படி ஒரு கைநாட்டு

மயிலாப்பூர்வாசிகளுக்கும், டிசம்பர் கச்சேரிக்காக வந்து இறங்கியிருந்த வெளியூர் ரசிகப் பெருமக்களுக்கும் தெரிவிக்க வேண்டிய அதிமுக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொண்ணூற்றாறாம் வருடம் மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சர்க்கார் கணக்கு இலாகாவில் முப்பத்தாறு வருடம் பணியாற்றி ஓய்வுபெற்ற சூப்பரிண்டெண்ட் பத்ரிநாராயணன் அவர்கள், தங்கை வீட்டுக் கூடத்தில் முழங்காலிட்டு, தங்கை புருஷனின் இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"நன்னா பிடிச்சுக்கோ காமாக்ஷி. வழுக்கறது பார்."

காமாக்ஷி பிடித்துக்கொண்டாள். குருபிரசாத்தின் உயிர் போய் அரைமணி ஆகியிருந்தது. விரல் இன்னும் சொன்னபடி வளைந்தது. கடந்த எட்டு மாதங்களில் அவர் இவ்வளவு ஒத்துழைத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"நாலு காப்பி. நாலுலயும் வேணும்," என்றார் பத்ரிநாராயணன்.

குருபிரசாத் ஈக்காட்டுத்தாங்கலில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஏப்ரலில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கம்பெனி விதிப்படி, படுத்திருக்கும் ஊழியருக்கு நோய்ப்படி உண்டு. இனி எழ மாட்டார் என்று டாக்டர்கள் குழு எழுதிக் கொடுத்தால் அது ஊனப்படியாக மாறும். நோய்ப்படியோ ஊனப்படியோ வாங்கிக்கொண்டிருக்கும்போது ஊழியர் இறந்தால், குடும்பத்துக்கு முக்கால் சம்பளம். கம்பெனி பென்ஷனும் இருந்தது. ஆனால் பென்ஷன் வாங்குகிறவர் ஊழியர் அல்ல. ஊழியர் அல்லாதவருக்குக் கம்பெனியைப் பொறுத்தவரை நோயும் வராது, ஊனமும் வராது. இறந்தால் மனைவிக்குப் பென்ஷனில் பாதி.

இதெல்லாம் காமாக்ஷிக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்தது ஒன்றுதான்: அண்ணாவுக்கு எல்லாம் தெரியும்.

டாக்டர்கள் குழு மார்கழி ஐந்தாம் தேதி கூடுவதாகக் கடிதம் வந்தபோது அண்ணா அதிர்ந்துபோனார். "மார்கழியில போய், நான் ஊனம்னு முத்திரை குத்திக்கறதா? பீடை! கார்த்திகை முடியறதுக்குள்ள பென்ஷனுக்கு எழுதிக் குடுத்துடுவோம். நோய்ப்படி அது பாட்டுக்கு வரும், பென்ஷன் இது பாட்டுக்கு வரும். ரெட்டை வருமானம்டி."

எழுதிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் கம்பெனி நோய்ப்படியை நிறுத்தியது. குழுவையும் ரத்து செய்தது.

காமாக்ஷி ஈக்காட்டுத்தாங்கலுக்குப் பஸ் பிடித்துப் போனாள். பர்சனல் செக்ஷனில் மெஹபூப் அலி என்பவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது நாளுக்குள்ள வாபஸ் வாங்கலாம்மா. சாரு கைநாட்டு போதும். பேப்பர் எதுவா இருந்தாலும் பரவால்ல, சீக்கிரம் குடுத்துடுங்க."

அவள் மகள் ஹம்சினியின் காலேஜ் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தமிழில் நாலு வரி எழுதினாள். குருபிரசாத்தும் தெளிவாக இருந்த ஒரு மத்தியானத்தில் கட்டைவிரலை வைத்தார். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையிலேயே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக அண்ணா வாங்கிக்கொண்டார்.

கொடுக்கவில்லை. கோடு போட்ட தாளில், 'ஐயா' என்று ஆரம்பித்து, பொருள் என்று தனி வரி இல்லாமல், பார்வை என்று கடித எண் இல்லாமல் ஒரு மனு! முப்பத்தாறு வருட சர்வீஸ் அதைக் கையில் எடுத்துப் போகக் கூசியது. இங்கிலீஷில் புதிதாக எழுதி, குளத்துக்குப் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து, வந்த பிரதியில் மார்ஜின் சரியில்லை என்று மறுபடி அடிக்க வைத்தார். பழைய தாளைக் கிழித்துப் போட்டார். ஒரே விஷயத்துக்கு இரண்டு காகிதம் இருந்தால் குழப்பம் வரும். வெள்ளிக்கிழமை காலை மைப்பெட்டியோடு வந்து சேர்ந்தபோது ஹம்சினி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நாலாவது பிரதியும் முடிந்தது. பத்ரிநாராயணன் தாளை வெளிச்சத்தில் பிடித்து, ரேகையை ரசித்தார்.

"மாமா, இது தப்பில்லையா?" என்றாள் ஹம்சினி.

"உங்கப்பா உத்தேசம் செவ்வாய்க்கிழமையே முடிவாயிடுத்து. இது வெறும் ஃபார்மாலிட்டி. நீ போய் பூத்லேர்ந்து கம்பெனிக்குப் போன் பண்ணு."

காமாக்ஷி ஈரத்துணியால் கட்டைவிரலைத் துடைத்தாள். மை போகவில்லை. துணிதான் நீலமானது. கையை வேஷ்டியின் மடிப்புக்குள் மறைத்து வைத்தாள்.

பத்து மணிக்கு மெஹபூப் அலி ஸ்கூட்டரில் வந்தார். ரோஜா மாலையைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் கைகட்டி நின்றார். மாலையைச் சரிசெய்தபோது வேஷ்டி விலகியிருக்க வேண்டும். அவர் பார்வை ஒரு இடத்தில் நின்றது. பிறகு சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது.

"தங்கமான மனுசன்மா. ஸ்டோர்ல ஒரு வாஷர் கொறஞ்சாலும் தூங்க மாட்டாரு."

பத்ரிநாராயணன் நாலு பிரதிகளையும் நீட்டினார். மெஹபூப் அலி முதல் தாளை வாங்கிப் படித்தார். தாளில் டைப் அடித்திருந்த தேதி, அன்றைய தேதி.

"கைநாட்டுன்னா கம்பெனி ஆளு ஒருத்தர் சாட்சி போடணும் சார்," என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார். பத்ரிநாராயணனைப் பார்க்கவில்லை, காமாக்ஷியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து சாயங்காலம் நான் சாரைப் பாக்க வந்தேன் இல்ல? அப்ப வெச்சதுதானம்மா இது? தேதி மட்டும் டைப்புல மாறிப்போச்சு. அப்பிடித்தான?"

நேற்று சாயங்காலம் யாரும் வரவில்லை.

காமாக்ஷிக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. ஹம்சினிக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு பாக்கி. வீட்டுக்காரர் வாடகை பாக்கி கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். முக்கால் சம்பளம் என்றால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மடிப்பாக்கத்தில் அண்ணா வீட்டு மாடியறை. காலையும் மாலையும் அண்ணா.

"ஆமா," என்றாள். "நேத்திக்கு சாயங்காலம்தான்."

மெஹபூப் அலி தாளை ஸ்டூலின் மேல் வைத்துக் குனிந்தார்.

"நேத்திக்கு இல்லடி," என்றார் பத்ரிநாராயணன்.

பேனா நின்றது.

"துக்கத்துல தடுமாறறா சார், மன்னிக்கணும். ரெக்கார்டுன்னா கரெக்டா இருக்கணும். டைப்பே நேத்து ராத்திரிதான் கைக்கு வந்தது. இன்னிக்குக் கார்த்தால, மாப்பிள்ளை போன அரைமணிக்குள்ள, நானே என் கையால வெச்சேன். விரல் விறைக்கறதுக்கு முன்னாடி. அதனாலதான் ரேகை இவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு, பாருங்கோ."

வாசலில் மூங்கில் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. மெஹபூப் அலி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாளை மற்ற மூன்றோடு சேர்த்து, ஓரம் தட்டி, பத்ரிநாராயணன் கையிலேயே கொடுத்தார்.

"வர்றேம்மா," என்றார் காமாக்ஷியிடம்.

"பார்த்தியா, வாயே திறக்கல," என்றார் பத்ரிநாராயணன். "டிராஃப்ட்ல ஒரு குத்தம் சொல்ல முடியல அவனால."

காமாக்ஷிக்குப் பென்ஷனில் பாதி வந்தது.